மாறிப்போகாத இரண்டு ரிப்போர்ட்டுகள்

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் நான் கிளினிக்குக்குப் போனேன். அவ்வளவு தாமதமானதற்கு என் மெலிந்த உடம்பும் ஒரு காரணம்.

வயதுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு மாதக்கணக்கு ஒழுங்கில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் நான்கு மாதம்கூட ஆகும். அம்மா முதலில் "சூட்டு ஒடம்பு" என்றார். பிறகு "கல்யாணமானா சரியாப் போயிரும்" என்றார். கல்யாணமானது, சரியாகவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒருமுறை காட்டினேன். அங்கிருந்தவர் என்னைத் தராசில் ஏற்றி, நாற்பத்தைந்து கிலோ என்று பார்த்துவிட்டு, "சூலகத்துல நீர்க்கட்டி வர்றதெல்லாம் குண்டா இருக்கிறவங்களுக்குங்க. ஒங்களுக்கு ரத்தம் பத்தாது, அவ்வளவுதான். நல்லா சாப்பிடுங்க" என்று சத்துக்குளிசை கொடுத்து அனுப்பினார். நானும் அவர் சொன்னபடி நன்றாகச் சாப்பிட்டேன். காலையில் இரண்டு ரொட்டிக்குப் பதில் மூன்று, சாயத்தண்ணித் தேநீரில் இன்னொரு கரண்டி சீனி.

இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் பிறந்தேன், அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். கணவருக்குத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து உருட்டும் ரோதை அறையில் வேலை. எனக்குப் பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் வேலை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன் தங்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க வருவார்கள். மலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்குவார்கள். அழுதுகொண்டிருந்த அறை ஒவ்வொரு மூலையாக அடங்கும். அந்த நேரத்தில் எனக்கு அறையில் வேலை இருக்காது. நான் பின்பக்கம் போய், காய்ந்த துணிகளை மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"டீச்சருக்கு கைராசிங்க. யார் தட்டினாலும் தூங்காத புள்ள ஒங்க கையில தூங்கிருது" என்று ஒருத்தி சொல்வாள். இன்னொருத்தி அவளை முழங்கையால் இடிப்பாள். இரண்டையும் கவனிக்காததுபோல் இருக்கப் பழகியிருந்தேன்.

அந்த மூன்றாவது வருடம் என் முகவாயில் முடி வளரத் தொடங்கியது. கறுப்பாக, தடிப்பாக, நான்கைந்து. ஹட்டனுக்குப் போகிற நாட்களில் ஒரு சலூனில் நூல் போட்டு எடுத்துக்கொள்வேன். போக முடியாத வாரங்களில் முக்காட்டை முகவாய்வரை இழுத்துவிட்டுக்கொள்வேன், குளிர் என்று சொல்ல மலைநாட்டில் எப்போதும் வசதி உண்டு. என் கணவர் அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஜன்னலோரம் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தபோது, "நான் புடுங்கி விடவா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரமே அவர் லீவு போட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

ஸ்கேனில் நீர்க்கட்டிகள் தெரிந்தன. அடுத்த கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். அந்த நாளில்தான் நான் அக்கா என்று கூப்பிடப்போகிறவரைச் சந்தித்தேன்.

அவர் நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்திருந்தார். சிங்களவர். கணவர் அங்கே மின்நிலையத்தில் மெக்கானிக், குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கல்யாணமாகி ஏழு வருடம். நல்ல பருமன். இரண்டு பேருக்கான இடத்தில் தான் உட்கார்ந்துவிட்டதாக நினைத்து, யார் வந்தாலும் நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் ஓரத்துக்கே போய்விடுவார். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கோப்பை குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் நடக்காமல் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். அதற்கு முன்னும் ரத்தம் எடுத்திருந்தார்கள், பின்னும் எடுப்பார்கள். அந்தத் தண்ணீரின் இனிப்பு தொண்டையில் பசைபோல் ஒட்டியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தபோது அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் அந்த எலுமிச்சையின் தோலைக் கீறி என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாரு. குடிக்க ஏலாது, மோக்க ஏலும்" என்றார். தமிழில்தான் சொன்னார். சிறு வயதில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோடு படித்த தமிழாம். என் சிங்களம் அவருடைய தமிழைவிடக் கொஞ்சம் மோசம். இரண்டையும் கலந்து இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் என்னை நங்கி என்றார், தங்கை என்று அர்த்தம். நான் அவரை அக்கா என்றேன். அந்தச் சொல் மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்.

அவருடைய முகவாயிலும் முடி இருந்தது. அவர்தான் முதலில் என்னுடையதைக் கவனித்தார். கையை நீட்டி என் முக்காட்டை மெல்ல விலக்கிப் பார்த்து, பிறகு தன் கழுத்தை நிமிர்த்திக் காட்டினார். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். யாரிடமும் காட்டாத ஒன்றை ஒருவருக்கு ஒருவர் காட்டிவிட்ட சிரிப்பு அது.

"எல்லாரும் எனக்குக் குறை, குறைன்னு சொல்றாங்க நங்கி" என்றார். "ஒடம்பு நிறை குறை, சோறு குறை, பாண் குறை. நான் பகல்ல ஒரு பிடி சோறு. யாரும் நம்ப இல்ல."

"என்னைப் பார்த்து எல்லாரும் சாப்பிடு சாப்பிடுங்கிறாங்க அக்கா" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனோம். அதே நாளில் வருவது என்று பேசி வைத்திருந்தோம். கவுண்டரில் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்து விரித்தோம். இருவருக்கும் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், இலக்கங்கள் புரியும். அக்காவின் தாளில் ரத்தச் சீனி சரியாக இருந்தது, வெறும் வயிற்றிலும் சரி, குளுக்கோஸ் குடித்த பிறகும் சரி. என் தாளில் இரண்டுக்கும் பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி.

அக்கா என் தாளை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். "இது மாறிப்போச்சு" என்றார். "இது என்னோடது. நீ மெலிசு, ஒனக்கு எப்படி சீனி? எங்க வீட்டுல யாருக்கும் சீனி இல்லதான், ஆனா நான் இப்படி இருக்கேனே. எனக்குத்தான் வரணும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நிமிடத்தில் நான் அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவருக்கே இருக்கட்டும், எனக்கு வேண்டாம் என்று.

அவர் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். தாதி பெயரையும் இலக்கத்தையும் ஒத்துப்பார்த்து, மாறவில்லை என்றார். அக்கா விடவில்லை. தன் நோய் என்று தானே நம்பிய ஒன்றை என் தலையிலிருந்து இறக்கிவிட அவர் அந்தக் கவுண்டரில் நின்று வாதாடியதை நினைக்கும்போதெல்லாம், நான் அந்தப் பெஞ்சில் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் கூடவே நினைவுக்கு வரும். கடைசியில் சத்தம் கேட்டு டாக்டரம்மாவே கூப்பிட்டார். அவர் முஸ்லிம், கண்டிப் பக்கத்துக்காரர், தமிழும் சிங்களமும் ஒரே ஓட்டத்தில் பேசுவார். இருவரையும் சேர்த்து உள்ளே உட்கார வைத்தார்.

"சந்தேகம்னா இன்னொரு தடவை எடுப்போம்" என்றார். அன்றே அவசர டெஸ்டுக்கு இன்னொரு முறை ரத்தம் எடுத்தார்கள். முடிவு மாறவில்லை. என் ரத்தத்தில் சீனி, அக்காவுக்கு இல்லை. ஆனால் அக்காவுக்குப் பிரஷர் கூடுதலாக இருந்தது, கொழுப்பும் கூடுதல்.

அதன் பிறகு டாக்டரம்மா சொன்னதை என் பாஷையில் இப்படித்தான் சொல்ல முடியும். சூலகத்து நீர்க்கட்டி என்று எங்கள் இருவருக்கும் நோயின் பெயர் ஒன்று. ஆனால் அது உடம்புக்குள் செய்கிற வேலை ஆளுக்கு ஆள் மாறும், சனத்துக்கு சனமும் மாறும். வெள்ளைக்காரர்களுக்கென்று எழுதின நிறைக்கணக்கை நமக்குப் போட்டுப் பார்த்தால் தப்பாகப் போகும். நம் பக்கத்துப் பெண்களுக்கு உடம்பு மெலிசாக இருக்கும்போதே உள்ளே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடும், சீனி சீக்கிரம் ஏறும். நம் நாட்டுக்குள்ளேயும் எல்லாரும் ஒன்றில்லை. பிறக்கும்போது என்ன நிறை, வளரும்போது என்ன சாப்பாடு, என்ன வேலை என்பதெல்லாம் சேரும்.

"அப்ப இது எங்க ஆளுங்களுக்கு வர்ற நோயாங்க?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்படி எடுத்துக்காதீங்க. ஒங்க ரத்தம் வேற, அவங்க ரத்தம் வேறன்னு நான் சொல்லல்ல. ஒரே இனத்துல ரெண்டு பேர் வந்து உக்காந்தாலும் ரெண்டு மாதிரி இருக்கும். எங்களுக்கே இதுல எல்லாம் தெரியாது. ஆனா மெலிசா இருக்காங்கன்னு ஒங்கள டெஸ்ட் பண்ணாம விட்டது பிழை. அது மட்டும் நிச்சயம்." பிறகு கேட்டார், "பொறக்கும்போது ஒங்க நிறை எவ்வளவுன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

அன்று பின்னேரம் அம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போதும் தோன்றுகிறது, கேட்காமல் இருந்திருக்கவும் முடியாது. அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார்.

"ரொம்பச் சின்னதா இருந்தே. ரெண்டு கிலோகூட இல்ல. கண்ணாடிப் பொட்டியில வைக்கணும்னாங்க, அது நம்ம ஆஸ்பத்திரியில எங்க இருக்கு? பஞ்சுல சுத்தி என் நெஞ்சுமேலயே போட்டுக்கிட்டேன்" என்றார். பிறகு, "எதுக்கு இப்ப கேக்குற?" என்றார்.

சொன்னேன். என்னால் முடிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னேன். அம்மா மாவுக் கையோடு அப்படியே நின்றார்.

"அப்ப நான் சரியாத் திங்காததுதான் ஒனக்குப் புள்ள இல்லாததுக்குக் காரணம்னு சொல்றாங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா."

"பேறுகாலத்துக்கு முந்தின நாள்வரைக்கும் மலைக்குப் போனேன். மழைக்காலம். பகலைக்கு ரொட்டியும் சம்பலும்தான். அதுலயும் ஒங்க அண்ணனுக்குப் பாதி." அம்மாவின் குரல் உயரவில்லை. "அப்ப வேற என்ன இருந்துச்சு, சொல்லு."

அவர் மா பிசைவதைத் தொடர்ந்தார். நான் பிள்ளைக்காக ஏங்குவதாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அம்மாவைப் பார்த்தபோது, அவர் வயிற்றில் நான் இருந்த அந்த மழைக்காலத்துக்குப் போய் அவருக்கு ஒரு தட்டுச் சோறும் முட்டையும் கொடுக்க வேண்டும்போல் ஏக்கமாக இருந்தது. நடக்காத காரியம்தான். ஆனால் அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை.

டாக்டரம்மா என்னிடம், முதலில் சீனியை இறக்க வேண்டும், அதுவரை பிள்ளைக்கான குளிசை தர மாட்டேன் என்றார். சீனி ஏறியிருக்கும்போது கரு தங்கினாலும் ஆபத்தாம். அக்காவுக்கு நிறையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், உடனே தொடங்கலாம் என்றார். ஆக நாங்கள் இருவரும் நடக்க ஆரம்பித்தோம். அவர் நோட்டன் பிரிட்ஜில் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில், நான் எங்கள் தோட்டத்தில் சிரட்டை மாதிரி வளைந்த ரோட்டில். பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் போன் பண்ணுவார். இருவரும் மூச்சிரைக்க நடந்துகொண்டே பேசுவோம்.

"நங்கி, அங்க மழையா?"

"பொடித் தூறல்."

"இங்க பனி. தண்ணி தெரிய இல்ல. நட, நட."

சீனி போடாத சாயத்தண்ணிக்குப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது. ரொட்டியைக் குறைத்து அக்கா கொடுத்தனுப்பிய குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் செய்தேன். காலையில் கௌப்பிப் பயறு, கடலை, பகலுக்கு ஏதாவது ஒரு கீரை. வேலைக்கு வரும் பெண்கள், "டீச்சர் மெலிஞ்சுக்கிட்டே போறீங்க, இதுக்கு மேல மெலிய என்ன இருக்கு?" என்றார்கள். சீனி வருத்தம் என்று சொன்னால் நம்பவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது வயதானவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் வருகிற நோய். எனக்கு வயது இருபத்தொன்பது.

நடக்கத் தொடங்கிய எட்டாவது மாதம் ஒரு பின்னேரம் அக்கா போனில் மூச்சிரைக்கவில்லை. நடக்கவில்லையா என்று கேட்டேன். நடக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். கரு தங்கியதை என்னிடம் சொல்லத் தயங்குகிறார் என்று புரிந்தது.

"நல்லது அக்கா. ரொம்ப சந்தோஷம்" என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகு நான் நடக்கவில்லை. ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கீழே ரயில் போனது. ஒரே நாளில் ஒரே இனிப்புத் தண்ணீரைக் குடித்தோம். அவர் என்னைவிடப் பருமன், எல்லோரும் அவரைத்தான் குறை சொன்னார்கள், ஆனாலும் அவருடைய உடம்பு வழி விட்டது, என்னுடையது விடவில்லை. அவர்களுடைய உடம்புக்கு ஒரு நியாயம், எங்களுடையதற்கு ஒரு நியாயமா என்று மனம் குதர்க்கமாகக் கேட்டது. டாக்டரம்மா அப்படி எடுத்துக்காதீங்க என்று சொன்னது நினைவிருந்தும் கேட்டது.

அதன் பிறகு அவர் அழைத்தபோது சில நாட்கள் எடுத்தேன், பல நாட்கள் எடுக்கவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன் என்பேன். சிக்னல் இல்லை என்பேன். கிளினிக் நாளையும் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாதங்கள் போகப் போகக் குறைந்து அழைப்பு நின்றது. பின்னேரம் ஐந்து மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியே நடந்தேன். வராதே என்று நானே தடுத்த குரலுக்காகக் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம். லயத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினார். கையில் மூன்று மாதப் பெண் குழந்தை, தோளில் ஒரு பெரிய பை. முன்பைவிட இளைத்திருந்தார், கண்ணுக்குக் கீழே கறுப்பு. எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க தோட்டத்தில் மூன்று டிவிசன் சுற்றியிருக்கிறார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாததால், "பிள்ளைக்காம்பரா டீச்சர், மெலிசு" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம்.

நான் வாசலில் நின்றேன். என் கணவர்தான் எழுந்து வந்து பையை வாங்கினார். "வாங்க அக்கா. உள்ள வாங்க."

அக்கா உள்ளே வந்து, என்னை உட்காரச் சொன்னார், என் மடியில் குழந்தையை வைத்தார். வேலையில் நான் எத்தனையோ குழந்தைகளைத் தூக்கியிருக்கிறேன். ஆனாலும் இவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கோபமா இல்ல" என்றார். "நான் ஏழு வருசம் மத்தவங்க புள்ளையப் பாக்கப் போகல்ல. என் தங்கச்சி புள்ளையக்கூட. எனக்குத் தெரியும் நங்கி."

"மன்னிச்சிருங்க அக்கா."

"அத விடு. சீனி எவ்வளவு இப்ப?"

சொன்னேன். இறங்கியிருந்தது, ஆனால் டாக்டரம்மா கேட்ட அளவுக்கு இன்னும் வரவில்லை. அவர் தன் பிரஷரைச் சொன்னார். பேறுகாலத்தில் அது ஏறிப்போய் உயிருக்கே பயமாகிவிட்டதாம், இன்னும் மருந்தில்தான் இருந்தார். அவருக்கு எல்லாம் சுலபமாக நடந்தது என்று நான் கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டதெல்லாம் அன்று தப்பாகிப்போனது. அவரவர் பங்கு அவரவருக்கு வந்துதான் இருந்தது.

என் கணவர் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார், மூன்றும் சீனியில்லாமல். அக்கா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, "எனக்கு சீனி போடலாமே" என்றார். எனக்குச் சீனி ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் சீனியே வாங்குவதில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் என் கணவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மீதியைக் குடித்து முடித்தார்.

போகும்போதுதான் சொன்னார், கணவருக்கு மாற்றல், மகியங்கனைப் பக்கம் இன்னொரு மின்நிலையத்துக்கு. அடுத்த மாதம் போகிறார்கள். எடுக்காமல் விட்ட அழைப்புகளில் சிலவற்றில் அவர் இதைச் சொல்லத்தான் முயன்றிருக்கிறார். ஒரே மலையில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தவரை நான் பார்க்காமல் வீணாக்கிய மாதங்களை அந்த ஆட்டோ வளைவில் மறையும்வரை நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் என் சீனி டாக்டரம்மா கேட்ட அளவுக்கு வந்தது. குளிசை தொடங்கினோம். நான்காவது மாதம் எனக்கும் தங்கியது. முதலில் கணவரிடம், பிறகு அக்காவிடம், மூன்றாவதாகத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றிலிருந்து தினமும் ஒரு அவித்த முட்டையைத் துணியில் சுற்றி, சூடு ஆறுமுன் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்றார். ஒன்றும் பேச மாட்டார். முட்டை ஓட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்.

பதினோராவது வாரம் அது போய்விட்டது. காரணம் என்னவென்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சீனி அன்று சரியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பகலில் அக்காவை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. அவர் வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது, பிறகு அடுப்பு, பிறகு குழந்தையின் சிணுங்கல். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் படுத்தபடி அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையிடையே "நங்கி இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்பேன்.

நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த வருடம் ஆஸ்பத்திரியில் என் குளிசையும் இல்லாமல் போனது. ஹட்டன் கடைகளிலும் இல்லை. அக்கா அங்கே எங்கோ தேடிப் பிடித்து, என் மருந்துத் துண்டுச்சீட்டின் படத்தைக் காட்டி வாங்கி, பஸ் கண்டக்டர்கள் கைமாற்றிக் கைமாற்றி மூன்று பஸ்களில் எனக்கு அனுப்பினார். பொட்டலத்தைப் பிரித்தபோது குளிசையோடு ஒரு தேசிக்காயும் இருந்தது. அந்த வருடமெல்லாம் என் சீனி அளவு தவறாமல் இருந்தது அவரால்.

மறுபடி எனக்குத் தங்கவில்லை. இப்போது நாற்பதை நெருங்குகிறேன். டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக வந்தவர் என்னைச் சீனி கிளினிக்குக்கு மட்டும் வரச் சொல்லிவிட்டார். ஒரு கதவை ஓசையில்லாமல் சாத்துவதுபோல் அவர் அதை எழுதித் தந்தார். பிள்ளைக்காம்பராவுக்கு வரும் இளம்பெண்களில் யாராவது மாதக்கணக்கு தப்புகிறது என்று சொன்னால், அவள் எவ்வளவு மெலிசாக இருந்தாலும் சீனி பார்க்காமல் நான் விடுவதில்லை. போன வருடம் ஒருத்தியோடு நானே போனேன். பத்தொன்பது வயது, என்னைவிட ஒல்லி. அவளுக்கும் அம்புக்குறி மேல்நோக்கித்தான் இருந்தது. நல்ல வேளையாக ஆரம்பத்திலேயே. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிப்போர்ட் மாறியிருக்கும்ல டீச்சர்?" என்று கேட்டாள். அவள் கையை விடாமல், இல்லை என்றேன்.

இந்தச் சித்திரை லீவுக்கு நானும் கணவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். கண்டி போய், அங்கிருந்து பதினெட்டு வளைவுப் பாதையில் இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. வளைவுகள் முடிவதற்குள் நான் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துவிட்டேன். அக்காவின் மகளுக்கு இப்போது ஏழு வயது. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. என்னை லொக்கு அம்மா என்று கூப்பிடுகிறாள், பெரியம்மா என்று அர்த்தம். அம்மா என்ற சொல்லும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான் என்பது அவள் கூப்பிடும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயிலுக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தோம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவள். என் கையை எடுத்து விரல்களை மடக்கி நிமிர்த்தி விளையாடிக்கொண்டிருந்தவள், சிங்களத்தில் கேட்டாள்:

"லொக்கு அம்மாவுக்குப் பாப்பா இல்லையா?"

அக்கா சட்டென்று தலையைத் தூக்கினார். அவளை அதட்டப்போகிறார் என்று தெரிந்தது. நான் கண்ணால் வேண்டாம் என்றேன்.

"இல்ல" என்றேன். "ஒண்ணு வந்துச்சு. தங்கல்ல."

"எங்க போச்சு?"

"தெரியாது."

அவள் அதை யோசித்தாள். பிறகு என் கையைத் தன் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அவள் மூச்சு என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. அக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தார், ஆனால் தூங்கவில்லை என்று அவர் முதுகைப் பார்த்தே தெரிந்தது. எனக்குக் கை மரத்துப்போனது. எடுக்கவில்லை. வெளியே என் கணவரும் அக்காவின் கணவரும் மாமரத்தடியில் ஏதோ மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நினைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன்.